கடனா, அத்துமீறலா?

சில ஆண்டுகளுக்கு முன்னர் கொழும்பில் ஆங்கில மொழியில் நடைபெற்ற திருமண வழிபாடு ஒன்றில் கலந்துகொள்ளும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. மணமகன் ஆங்கிலிக்கன் திருச்சபையைச் சேர்ந்தவர். மணமகளின் குடும்பத்தார் ஸ்கொட்லாந்து மரபில் வந்த பிரஸ்பிற்றேரியன் சபையினர். அருளுரை முடிந்ததும், இயேசு பெருமான் தம் சீடர்களுக்குக் கற்பித்த பரமண்டல ஜெபத்தைச் சபையார் அனைவரும் ஒரே குரலில் சொல்லத் தொடங்கினர். அன்றாட அப்பத்தைக் கேட்கும் விண்ணப்பம் வரையில் அக்குரல் ஒன்றாகவே சென்றது. அடுத்த விண்ணப்பத்தில் அது இரண்டாகப் பிரிந்தது. இடப்பக்க வாங்குகளில் இருந்தவர்கள் ‘டிரெஸ்பஸஸ்’ என்றனர். வலப்பக்கத்தார் ‘டெட்ஸ்’ என்றனர். ‘டெட்ஸ்’ குறுகிய சொல்லாகையால் அதைச் சொன்னவர்கள் விரைவாக வரியை முடித்துவிட்டு, மற்றவர்கள் வந்து சேரும்வரை காத்து நின்றனர். இளைஞர் சிலர் தமக்குள் சிரித்துக்கொண்டனர். என் பக்கத்தில் இருந்த பத்து, பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி என் சட்டைக் கையை இழுத்து, “அங்கிள், எது சரி?” என்று கேட்டாள்.

“இரண்டும் சரிதான் பிள்ளை” என்று விடை கூறினேன். பெரியவர்கள் தமக்குத் தெரியாதவற்றுக்குக் கூறும் வழக்கமான விடை அது. அச்சிறுமிக்கு அது போதுமாக இருந்திருக்கலாம், எனக்குப் போதவில்லை. வேதாகமத்தின் ஒரே வசனத்துக்கு ஒரே மொழியில் ஏன் இரண்டு சொற்கள் வழங்குகின்றன? இரண்டும் ஒரே பொருளைத்தான் தருகின்றனவா? ஆங்கில அகராதியைப் புரட்டினால், அவ்விரு சொற்களும் ஒன்றுக்கொன்று உறவே இல்லாதவை என்பது முதற் பார்வையிலேயே தெரிந்துவிடுகிறது.

‘டெட்’ என்பது கடன். பெற்றுக்கொண்ட ஒன்றைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய பொறுப்பு. ‘கொடுக்கப்பட வேண்டியது’ என்னும் பொருளுடைய ‘டெபிற்றும்’ என்ற இலத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு மொழி வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. வந்தபோது அதில் ‘பீ’ என்னும் எழுத்து இருக்கவில்லை. பதினாறாம் நூற்றாண்டின் பண்டிதர்கள், இலத்தீன் மூலத்தை நினைவூட்டுவதற்காக அவ்வெழுத்தை இடையிலே செருகினார்கள். எழுத்து நுழைந்ததேயன்றி ஒலி நுழையவில்லை. அதனை ஒலிக்காமல் விடுகிறார்களே என்று நொந்துகொள்ளும் ஆசிரியர் ஒருவரை ஷேக்ஸ்பியர் தம் நாடகம் ஒன்றில் கொண்டுவந்து கேலி செய்திருக்கிறார். இன்று ஆங்கிலம் கற்கும் நம் பிள்ளைகள் அவ்வெழுத்தை மறந்து மதிப்பெண் இழக்கும்போது, அப்பண்டிதர்களையே நொந்துகொள்ள வேண்டும்.

‘டிரெஸ்பஸ்’ முற்றிலும் வேறு குலத்தது. கடந்து செல்லுதல், அப்பால் போதல் என்னும் பொருளுடைய பழைய பிரெஞ்சு வினையிலிருந்து பிறந்தது. அங்கே பணமும் இல்லை, கணக்கும் இல்லை. ஓர் எல்லைக்கோடும் அதனைத் தாண்டிய பாதமுமே உள்ளன. இங்கிலாந்தின் நீதிமன்றங்களில் பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே இச்சொல் சட்டச் சொல்லாகிவிட்டது. ஒருவருடைய உடல்மீதோ உடைமைமீதோ நிலத்தின்மீதோ உரிமையின்றிக் கை வைப்பதும் கால் வைப்பதும் அதனுள் அடங்கின. காலப்போக்கில் பொதுமக்களின் வழக்கில் நிலம் மட்டுமே எஞ்சியது. நம் நாட்டில் அறிவித்தற் பலகைகள் ‘அத்துமீறிப் பிரவேசித்தல் தடை’ என்று கூறுவது இதனைத்தான். அத்து என்றால் எல்லை; அதனை மீறுவது அத்துமீறல். ஆங்கிலச் சொல்லின் மூலப் பொருளை இத்தனை நேராகக் காட்டும் தமிழ்ச் சொல் வேறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இங்கிலாந்தின் வயல்வெளிகளில், அத்துமீறுவோர்மீது வழக்குத் தொடரப்படும் என்று எழுதிய மரப்பலகைகளைப் பரவலாகக் காணலாம். ஆயினும் அந்நாட்டுப் பொதுச் சட்டப்படி, பிறர் நிலத்தில் வெறுமனே கால் வைப்பது குடியியல் தவறேயன்றிக் குற்றவியல் தவறன்று. ஆகவே வழக்கறிஞர்கள் அப்பலகைகளை ‘மரத்தாலான பொய்’ என்று வேடிக்கையாகக் கூறுவதுண்டு. இலங்கையின் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக் கோவையோ குற்றமுறையான அத்துமீறலைத் தனியே வகுத்துள்ளது. தவறு செய்யும் நோக்கத்துடனோ, உரியவரை அச்சுறுத்தும், அவமதிக்கும், தொல்லைப்படுத்தும் நோக்கத்துடனோ நுழைந்தால்தான் அது குற்றமாகும்.

இனி இவ்விரு சொற்களும் எங்கே பிரிகின்றன என்பதைக் கவனிப்போம். கடன் என்பது இருவருடைய சம்மதத்துடன் தொடங்குகிறது. ஒருவர் கேட்கிறார், மற்றவர் கொடுக்கிறார். அந்த வேளையில் அது நட்பின் செயலாகவே இருக்கிறது. பிழை பின்னர்தான் வருகிறது, அதுவும் ஒன்றைச் செய்யாமல் விடுவதால் வருகிறது. அத்துமீறலோ சம்மதமின்றித் தொடங்குகிறது. செய்யத் தகாததைச் செய்வதால் நேர்கிறது. அத்துமீறியவர் எல்லைக்கு வெளியே வந்துவிட்டால் அத்துமீறுவது நின்றுவிடுகிறது. கடன்பட்டவரோ உறங்கும்போதும் கடனாளியாகவே உறங்குகிறார். அத்துமீறலுக்கு நட்டம் எதுவும் நேர்ந்திருக்க வேண்டியதில்லை. புல்நுனி வளையாவிட்டாலும், எல்லை எதுவென்று தெரியாமல் நுழைந்திருந்தாலும், அது அத்துமீறலே என்கிறது ஆங்கிலச் சட்டம். கடனுக்கோ தொகை இருக்க வேண்டும்.

பேச்சு வழக்கிலும் இவ்வேறுபாடு தெளிவாகத் தெரியும். உதவி பெற்ற ஆங்கிலேயர் ‘உங்களுக்குக் கடன்பட்டுள்ளேன்’ என்று கூறுவார். நாமும் நன்றிக்கடன், செஞ்சோற்றுக்கடன் என்கிறோம். ஒருவருடைய நேரத்தை மிகுதியாக எடுத்துக்கொள்ள நேரும்போது, அவருடைய நேரத்தில் ‘டிரெஸ்பஸ்’ செய்வதற்காக அவர் மன்னிப்புக் கோருவார். முன்னதில் உறவு இருக்கிறது, பின்னதில் இடையூறு இருக்கிறது. ஒருவருக்கு எதிராகத் தீங்கிழைத்தல் என்னும் பொருளில் இரண்டாவது சொல்லை இன்று ஆங்கிலேயர் அன்றாடப் பேச்சில் பெரும்பாலும் ஆள்வதில்லை. அது ஜெபத்தில் மட்டுமே உயிருடன் இருக்கிறது எனலாம். அதனால்தான் அந்நாட்டுப் பிள்ளைகள், தாங்கள் யாருடைய புற்றரையில் நடந்ததற்காக இறைவனிடம் மன்னிப்புக் கேட்கிறோம் என்று குழம்புகிறார்கள்.

ஒரே ஜெபத்துக்குள் இரண்டும் எவ்வாறு புகுந்தன என்பது சுவையான வரலாறு. பதினான்காம் நூற்றாண்டின் இறுதியில் விக்கிளிஃபின் பெயரால் வழங்கும் ஆங்கில மொழிபெயர்ப்பு, இலத்தீன் வேதாகமத்தைப் பின்பற்றிக் கடன் என்றே கூறியது. 1526இல் ஜேர்மனியின் வோர்ம்ஸ் நகரில் அச்சாகி இங்கிலாந்துக்குள் மறைவாகக் கொண்டுவரப்பட்ட வில்லியம் டின்டேலின் புதிய ஏற்பாடு ‘டிரெஸ்பஸ்’ என்ற சொல்லை எடுத்துக்கொண்டது. டின்டேல் 1536இல் கொல்லப்பட்டார். ஆனால் அவருடைய சொல் பிழைத்துக்கொண்டது. பேராயர் கிரான்மர் உருவாக்கிய 1549ஆம் ஆண்டுப் பொது ஜெபப் புத்தகம் அதே சொல்லை ஆண்டது. 1662இல் அப்புத்தகம் திருத்தப்பட்டபோதும் சொல் மாறவில்லை. இதற்கிடையில் 1560இன் ஜெனீவா வேதாகமமும் 1611இல் வெளிவந்த ஜேம்ஸ் மன்னரின் வேதாகமமும் மீண்டும் கடன் என்ற சொல்லுக்கே திரும்பிவிட்டன. ஆகவே ஆங்கிலிக்கன் விசுவாசி ஒருவர் வேதாகமத்தைத் திறந்தால் ‘டெட்ஸ்’ என்று வாசிப்பார். முழந்தாளிட்டு ஜெபிக்கும்போது ‘டிரெஸ்பஸஸ்’ என்பார். வாய்க்குப் பழகிய சொல்லை எந்த மன்னராலும் மாற்ற முடியாது போலும்! ஸ்கொட்லாந்துத் திருச்சபையோ, 1647இல் உருவான வெஸ்ற்மினிஸ்டர் சிறிய வினாவிடையில் உள்ளவாறு கடன் என்பதையே ஜெபத்திலும் வைத்துக்கொண்டது. பணத்தில் கருத்துடைய ஸ்கொட்லாந்தியருக்குக் கடனும், நிலத்தில் கருத்துடைய ஆங்கிலேயருக்கு அத்துமீறலும் பெரிய பாவங்களாகத் தெரிந்தன என்று இதனை வைத்து ஒரு பழைய நகைச்சுவை வழங்கி வருகிறது. 1988இல் சபைகள் பலவும் கூடி இணக்கம் கண்ட பொது ஆங்கில வாசகம் இரண்டையும் விலக்கிவிட்டுப் பாவம் என்னும் நேர்ச்சொல்லை வைத்தது. சிக்கல் தீர்ந்தது, ஆனால் இரண்டு படங்களும் சுவரிலிருந்து கழற்றப்பட்டுவிட்டன என்பதே என் எளிய கருத்து.

மூலமொழியில் எது இருக்கிறது என்று வாசகர்கள் கேட்கலாம். மத்தேயு நற்செய்தியின் 6ஆம் அதிகாரம் 12ஆம் வசனத்தில் உள்ள கிரேக்கச் சொல் ‘ஒபெய்லேமாற்றா’. அதன் பொருள் கடன்கள். பணக் கடனுக்கு வழங்கிய சொல்லே அது. ஆனால் ஜெபம் முடிந்தவுடன், 14ஆம் 15ஆம் வசனங்களில் இயேசு பெருமான் மன்னிப்பைப் பற்றி விளக்கும்போது மத்தேயு வேறொரு சொல்லை ஆள்கிறார். ‘பராப்தோமாற்றா’ என்னும் அச்சொல்லுக்கு வழுவி விழுதல், பாதை தவறுதல் என்பது பொருள். ஆங்கிலத்தின் ‘டிரெஸ்பஸ்’ இதற்குத்தான் பொருந்தும். ஆக, இரண்டு வசன இடைவெளிக்குள் கடனும் இருக்கிறது, அடி பிசகுதலும் இருக்கிறது. லூக்கா எழுதிய வாசகத்திலோ, இறைவனிடம் கேட்கும்போது பாவங்கள் என்றும், மனிதரைப் பற்றிச் சொல்லும்போது நம்மிடம் கடன்பட்டோர் என்றும் அமைந்துள்ளது. இயேசு பெருமான் பேசிய அரமேயத்தில் ‘ஹோபா’ என்ற ஒரே சொல் கடனையும் பாவத்தையும் குறித்தது; எனவே அவருடைய சொற்களைக் கேட்டவர்களுக்கு இந்தப் பிரிவினையே எழுந்திராது. ஜேர்மன் மொழியில் இன்றும் ‘ஷுல்ட்’ என்ற ஒரே சொல் கடனுக்கும் குற்றத்துக்கும் நிற்கிறது. அம்மொழியினர் ஜெபத்தில் பிரிவதில்லை.

தமிழர் நிலை என்ன? 1871இல் வெளிவந்த போவரின் திருப்புதலைப் பின்பற்றும் பழைய வேதாகமம் மத்தேயுவின் அவ்வசனத்தில் கடன், கடனாளி என்றே கூறுகிறது. 14ஆம் வசனத்தில் தப்பிதம் என்கிறது. கிரேக்கத்தின் இரு சொற்களுக்கும் தமிழிலும் இரு சொற்களைத் தேடி வைத்த அந்த நேர்மை பாராட்டத்தக்கது. 1995இல் வெளியான திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்போ குற்றம் என்ற சொல்லை ஆண்டுள்ளது. கத்தோலிக்க மக்கள் செபத்தில் பாவங்களைப் பொறுத்தருளுமாறு கேட்கிறார்கள். ஆங்கிலேயரைப் பார்த்துச் சிரிப்பதற்கு நமக்கும் உரிமை இல்லை. ஆயினும் கடன் என்ற நம் சொல்லுக்கு ஆங்கிலத்தின் ‘டெட்’ சொல்லுக்கு இல்லாத அகலம் உண்டு. புறநானூற்றின் 312ஆம் பாடலில் தாய் ஒருத்தி, தனக்கும் தந்தைக்கும் கொல்லனுக்கும் வேந்தனுக்கும் உரிய கடமையைக் கடன் என்றே கூறக் காண்கிறோம். கடமையும் கடனும் ஒரே வேரின. ஆங்கிலத்திலும் ‘செய்ய வேண்டும்’ என்னும் கட்டாயத்தைக் காட்டும் ‘ஓட்’ என்ற துணைவினை, கடன்படுதலைக் குறிக்கும் ‘ஓ’ என்ற வினையின் பழைய இறந்தகால வடிவமே.

கடன் என்ற சொல்லின் கனத்தை இங்கிலாந்து தன் சிறைச்சாலைகளில் அறிந்திருந்தது. 1824ஆம் ஆண்டு பெப்ரவரியில், லண்டனில் ஜோன் டிக்கன்ஸ் என்ற எழுதுவினைஞர், பாண் சுடுபவர் ஒருவருக்குக் கொடுக்க வேண்டிய 40 பவுண் 10 ஷில்லிங் கடனுக்காகக் கைதாகி மார்ஷல்சீ சிறையில் அடைக்கப்பட்டார். அவருடைய மகனுக்கு அப்போது 12 வயது. பாடசாலையை விட்டு, தேம்ஸ் நதிக்கரையில் எலிகள் ஓடும் பழைய கட்டடமொன்றில் சப்பாத்து மைப் போத்தல்களுக்குத் தாள் ஒட்டும் வேலையில் அமர்த்தப்பட்டிருந்தான். தாயும் இளைய பிள்ளைகளும் சிறைக்குள்ளேயே சென்று தந்தையுடன் வாழ்ந்தனர். இவன் வெளியே தனித்துத் தங்கி, ஞாயிறு தோறும் அங்கு சென்று வந்தான். அந்தப் பையன்தான் பின்னாளில் உலகப் புகழ் பெற்ற நாவலாசிரியரான சார்ள்ஸ் டிக்கன்ஸ். ‘லிற்றில் டொரிற்’ என்ற அவருடைய நாவல் அச்சிறையையே களமாகக் கொண்டது. தந்தை சில மாதங்களில் விடுதலை பெற்றார். மகனோ அக்காலத்தைப் பற்றித் தம் வாழ்நாளில் மிக நெருங்கியோர் தவிர எவரிடமும் வாய் திறக்கவில்லை.

கடனுக்காகச் சிறைப்படுத்தும் முறையில் ஓர் அபத்தம் இருந்தது. அடைபட்டவர் உழைக்க முடியாது. உழைக்க முடியாதவர் கடனைக் கொடுக்க முடியாது. கொடுக்காதவர் வெளியே வர முடியாது. போதாக்குறைக்குச் சிறைக்காவலருக்கும் கட்டணம் கொடுக்க வேண்டியிருந்தது. 1869ஆம் ஆண்டுச் சட்டமே, சில விதிவிலக்குகளுடன், அங்கு இம்முறைக்கு முடிவு கட்டியது. பிறர் புற்றரையில் நடந்ததற்காக எவருடைய குடும்பமும் இவ்வாறு சிதைந்ததில்லை. பிரஸ்பிற்றேரியன் மக்கள் அந்தக் கடினமான சொல்லைக் கைவிட மறுத்ததில் ஒரு நியாயம் இருப்பதாக எனக்குப் படுகிறது.

மத்தேயு 18ஆம் அதிகாரத்தின் உவமையில் இதே அபத்தம் வருகிறது. அரசனிடம் பதினாயிரம் தாலந்து கடன்பட்ட ஊழியன், தன்னிடம் நூறு தெனாரி கடன்பட்ட உடன் ஊழியனைக் கழுத்தைப் பிடித்து நெரித்து, கடனைத் தீர்க்கும்வரை சிறையில் போடுவிக்கிறான். ஒரு தெனாரி அக்காலக் கூலியாளின் ஒருநாள் ஊதியம். ஒரு தாலந்து ஏறத்தாழ 6,000 தெனாரி. ஆகவே அரசன் தள்ளுபடி செய்தது 6 கோடி நாட்களின் கூலி. ஒருநாளும் ஓய்வின்றி உழைத்தாலும் 1,64,000 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். ஊழியன் விட்டுக்கொடுக்க மறுத்தது நூறு நாட்களின் கூலி. ஆறு இலட்சத்தில் ஒரு பங்கு! ஆனால் இவ்விடத்தில் நாம் விரைந்து அந்த ஊழியனைப் பழித்துவிடக் கூடாது. நூறு நாட்களின் கூலி அற்பத் தொகையன்று. மூன்று மாதத்துக்கு மேற்பட்ட உழைப்பு அது. ஏழை ஒருவனுக்கு அது பெரிய இழப்பு. மன்னிப்பு இலவசமாகக் கிடைப்பதில்லை என்பதை ஆண்டவர் மறைக்கவில்லை. கடனை மன்னிக்கும்போது அத்தொகை மறைந்து போவதில்லை, மன்னித்தவருடைய பையிலிருந்துதான் போகிறது.

இதனை நம் நாட்டவர்க்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. 2022 ஏப்ரலில் இலங்கை அரசு வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை இடைநிறுத்தியதாக அறிவித்ததும், அதன் பின் கடன் மறுசீரமைப்பு என்ற சொல் வீட்டுத் திண்ணை வரை வந்ததும் யாவரும் அறிந்ததே.

என் சொந்த வாழ்வில் நிகழ்ந்த ஒன்றைக் கூறுவதற்கு வாசகர்கள் பொறுத்தருள்வார்களாக. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் இடம்பெயர்ந்தபோது நாங்களும் வீட்டைப் பூட்டிவிட்டுச் சென்றோம். மறு ஆண்டு திரும்பி வந்தபோது, எங்களுக்கு முன்னரே வந்துவிட்ட அயலவர் எல்லை வேலியைப் புதிதாக அடைத்திருந்தார். பூவரசங் கதியால்கள் ஒன்றரை முழம் எங்கள் பக்கம் நகர்ந்திருந்தன. எல்லைக்காக உடன்பிறந்தோரே ஆண்டுக்கணக்கில் நீதிமன்றம் ஏறும் ஊர் எங்களுடையது. நான் கொதித்துப் போனேன். ஆயினும் அவர் தாமே வந்து, “தம்பி, அவசரத்திலை அடைச்சது, பிழையா எடுக்காதை” என்றார். அடுத்த சனிக்கிழமை இருவருமாகக் கதியால்களைப் பிடுங்கிப் பழைய இடத்தில் நட்டோம். அன்று மதியம் அவர் வீட்டில்தான் எனக்குச் சாப்பாடு. அந்த அத்துமீறல் அன்றோடு முடிந்தது. இன்று அதை நினைத்தால் எனக்குச் சிரிப்பே வருகிறது.

1999இல் அதே மனிதர் மகனை வெளிநாட்டுக்கு அனுப்புவதற்காக என்னிடம் 60,000 ரூபா கேட்டார். ஆறு மாதத்தில் தருவதாகச் சொன்னார். சீட்டு எதுவும் எழுதிக்கொள்ளவில்லை. என் கணக்குக் கொப்பியில் மட்டும் குறித்து வைத்தேன். ஆறு மாதம் ஆறு ஆண்டாயிற்று. நான் கேட்கவில்லை. ஆனால் அவர் என்னைக் காணும் ஒழுங்கையைத் தவிர்த்து, சுற்றுப் பாதையால் கடைக்குப் போகத் தொடங்கினார். வேலியைத் தாண்டியபோது நேருக்கு நேர் வந்து நின்றவர், கடன்பட்ட பின்னர் என் முகத்தைப் பார்க்கவில்லை. 2011இல் அவர் காலமானார். மரண வீட்டில் அவருடைய மனைவி என்னிடம், “உங்களுக்கும் ஏதோ குடுக்கவேணும் எண்டு சொல்லிக்கொண்டிருந்தவர்” என்றார். “அதொண்டும் இல்லை அக்கா” என்று கூறிவிட்டு வந்தேன்.

அன்று நான் மன்னித்துவிட்டதாகவே எண்ணினேன். கொழும்புத் திருமண வழிபாட்டில் அவ்வரி வந்தபோது என் வாய் ‘டிரெஸ்பஸஸ்’ என்றது. ஆங்கிலிக்கன் வழக்கம் எனக்கு இல்லை. நான் பயின்ற தமிழ் வேதாகமம் கடன் என்றே கூறுகிறது. இருந்தும் வாய் அந்தச் சொல்லைத் தேர்ந்தது. வீடு திரும்பும் பேருந்தில்தான் எனக்குப் புரிந்தது. எனக்கு எதிராக அத்துமீறியோரை மன்னிக்கிறேன் என்று எவ்வித தயக்கமுமின்றி என்னால் கூற முடியும். அதற்கு எனக்கு எச்செலவும் இல்லை. என் கடனாளிகளுக்கு மன்னிக்கிறேன் என்று கூறும்போது, அலுமாரியில் உள்ள கொப்பியின் ஒரு பக்கம் கண்முன் வருகிறது. அந்தப் பக்கத்தை நான் இன்னும் வெட்டியிருக்கவில்லை.

பவுல் அப்போஸ்தலர் கொலோசெயருக்கு எழுதிய நிருபத்தின் 2ஆம் அதிகாரத்தில் இரண்டு உருவகங்களையும் அடுத்தடுத்து வைத்திருக்கிறார். 13ஆம் வசனத்தில் மத்தேயு ஆண்ட அதே ‘பராப்தோமாற்றா’ வருகிறது. அடுத்த வசனத்தில் கடன்பட்டவர் தம் கைப்பட எழுதிக் கொடுக்கும் கடன்சீட்டு வருகிறது. முன்னதைப் பற்றி மன்னித்தார் என்று மட்டும் கூறும் பவுல், பின்னதைப் பற்றிக் கூறும்போது அதனைத் துடைத்தழித்தார், எடுத்துப் போட்டார், சிலுவையில் ஆணியடித்தார் என்று செயல்களை அடுக்குகிறார். எழுத்தில் இருப்பதைச் சொல்லால் மட்டும் அழிக்க இயலாது என்பது கணக்கு வழக்குத் தெரிந்த அவருக்குத் தெரிந்திருந்தது. பிலேமோனுக்கு எழுதிய சிறு நிருபத்திலும் அவர் இதனைப் பிரித்தே காட்டுகிறார். அடிமையான ஒநேசிமு உனக்கு அநியாயம் செய்திருந்தாலும், உன்னிடம் கடன்பட்டிருந்தாலும், அதனை என் கணக்கில் எழுதிக்கொள் என்கிறார். அத்துடன் நில்லாமல், நானே கொடுத்துத் தீர்ப்பேன் என்று தம் கையால் எழுதியும் கொடுக்கிறார். அநியாயமும் கடனும் ஒன்றென்றால் இரண்டையும் தனித்தனியே குறிப்பிட வேண்டிய அவசியம் பவுலுக்கு இருந்திராது.

அடுத்த முறை ஊருக்குச் சென்றபோது கொப்பியையும் எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனேன். வேலி இப்போது தகரமாகிவிட்டது. அக்கா தளர்ந்திருந்தார். நான் விடயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் அவர் உள்ளே சென்று, பழைய பிஸ்கட் பேணி ஒன்றைக் கொண்டுவந்தார். அதற்குள் 15,000 ரூபா இருந்தது. மரண வீட்டில் நான் கூறிய விடையை அவர் நம்பியிருக்கவில்லை. தொகை எவ்வளவு என்று தெரியாமலே, மகன் அனுப்பும் பணத்திலும் தேங்காய் விற்ற காசிலும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து வைத்துக்கொண்டு வந்திருக்கிறார். பேணியை மூடி அவர் பக்கமே தள்ளிவிட்டு, அவர் பார்க்கக் கொப்பியின் அந்தப் பக்கத்தின் குறுக்கே கோடு இழுத்தேன்.

அவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னர், “கொப்பி உங்கடை கையிலைதானே இருக்கும் தம்பி. எனக்கு ஒரு துண்டிலை எழுதித் தாங்கோ” என்றார்.

இன்ன ஆண்டில் கொடுத்த இவ்வளவு ரூபா முற்றாகத் தீர்ந்தது என்று எழுதி, திகதியிட்டு, கையொப்பமிட்டுக் கொடுத்தேன். அக்கா அதை இரண்டு முறை வாசித்தார். நான்காக மடித்து, சுவரில் மாட்டியிருந்த கணவரின் படத்துக்குப் பின்னால் செருகிவிட்டு, தேநீர் போடுவதற்காக அடுக்களைக்குள் சென்றார்.